கடைக்காலுக்குக் கீழே: டெல்டாவில் வீடு கட்டுவோர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மனையின் மண்ணையும் நிலத்தடி நீரையும் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, விரிவாகச் சொல்ல வேண்டியவற்றுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

மன்னார்குடி வாசகர்: முப்பதுக்கு நாற்பது மனையில் தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டப்போகிறோம். "பக்கத்து வீடு பன்னிரண்டு வருஷமா ஆடாம நிக்குது, சாயில் டெஸ்ட் எதுக்கு?" என்கிறார் மேஸ்திரி. எடுப்பதென்றால் மண்ணைப் பார்க்க எத்தனை போர் (துளை), எவ்வளவு ஆழம்?

பக்கத்து வீடு நிற்பது பக்கத்து மனையின் மண்ணில். டெல்டாவில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆறு கரை புரளும்போது கனமான மணல் கரையோரத்திலேயே விழுந்துவிடும். மெல்லிய களி மட்டும் தண்ணீரோடு தொலைவு போய்ப் படியும். பிறகு ஆறு தடம் மாறும். பழைய தடம் மணலால் தூர்ந்து, அதன் மேல் அடுத்த வெள்ளங்களின் களி மூடிக்கொள்ளும். மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே சமதளம்தான். ஆனால் உங்கள் மனையின் கிழக்கு மூலையில் ஆறடியில் மணல் வரலாம், மேற்கு மூலையில் பதினைந்து அடி வரை சேறு போன்ற களியே வரலாம். ஒரே வீட்டின் பாதி இறங்கி, பாதி இறங்காமல் நின்றால்தான் சுவர் பிளக்கிறது. முழு வீடும் சமமாக இரண்டு அங்குலம் இறங்கினால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

போர் போடுமுன் செலவில்லாத ஒரு வேலையை முடித்துவிடுங்கள். புலப்பட (நில அளவை வரைபட) நகலையும் அ-பதிவேட்டையும் (கிராம நிலப் பதிவேடு) எடுத்து, உங்கள் சர்வே எண்ணைத் தொட்டோ குறுக்காகவோ வாய்க்கால், குட்டை, வடிகால் ஏதாவது காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் "இங்கே நாத்தங்கால் இருந்ததா, குளம் இருந்ததா?" என்று கேளுங்கள். தூர்த்த குட்டை மேல் வீட்டின் ஒரு மூலை உட்காருவதைவிட மோசமான நிலை கிடையாது.

எத்தனை போர் என்பதற்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1892 ஒரு வழி சொல்கிறது. ஏறக்குறைய ஓர் ஏக்கர் பரப்புக்கு நான்கு மூலையில் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. சிறிய கட்டடத்துக்கு நடுவில் ஒன்றே போதும். மேட்டு நிலத்துக்கு அது சரிதான். டெல்டா மண்ணுக்கு எதிரெதிர் மூலையில் இரண்டு போட்டுவிடுங்கள் என்பது எங்கள் கருத்து. இரண்டும் ஒரே மாதிரி வந்தால் நிம்மதி. வேறு மாதிரி வந்தால், அந்த இரண்டாவது போர்தான் உங்கள் வீட்டைக் காப்பாற்றியது.

ஆழத்துக்குக் குறைந்தபட்சக் கணக்கு, பூட்டிங்கின் (தூணுக்கு அடியில் வரும் அகன்ற கான்கிரீட் பாதம்) அடிமட்டத்திலிருந்து அதன் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு. ஒன்றரை மீட்டர் அகலப் பூட்டிங் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் இருந்தால் 3.75 மீட்டர். அதோடு நிறுத்தவேண்டாம். பூட்டிங்குகள் நெருங்கி வந்தால் அவற்றின் பாரம் கீழே ஒன்றுசேர்ந்து இன்னும் ஆழத்துக்குப் போகும். ஒரு போர் 10 மீட்டர், மற்றது 6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டரிலும் இளகிய களியே வந்தால், அது முடியும்வரை போகச் சொல்லுங்கள்.

போர் போடும் நாளில் கட்டாயம் பக்கத்தில் நில்லுங்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, பிளவுக்குழாய் (நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் மாதிரிக் குழாய்) 45 செ.மீ. இறங்க எத்தனை அடி விழுகிறது என்று எண்ணுவார்கள். ராடில் 15 செ.மீ.க்கு ஒன்றாகச் சாக்பீஸில் மூன்று கோடு போட்டிருக்கும். முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது. அடுத்த இரண்டின் கூட்டுத்தொகைதான் என்-மதிப்பு. உதாரணமாக 3, 4, 5 என்று அடி விழுந்தால் என்-மதிப்பு 9. களியில் 4-க்குக் கீழ் வந்தால் கையால் பிசையலாம் என்கிற அளவுக்கு இளக்கம். 8-க்கு மேல் விறைப்பு. மணலில் 10-க்குக் கீழ் தளர்வு, 30-க்கு மேல் நல்ல நெருக்கம்.

தப்பு நடப்பது மூன்று இடத்தில். கயிற்றை உருளையில் மூன்று நான்கு சுற்று சுற்றிவிட்டு லேசாகத் தளர்த்துவார்கள். சுத்தியல் விழாமல் வழுக்கி இறங்கும். அடி எண்ணிக்கை கூடி, மண் உண்மையில் இருப்பதைவிட உறுதியாகத் தெரியும். இரண்டாவது, மணலில் போர்க்குழாய்க்குள் இருக்கும் தண்ணீரை அள்ளிவிட்டு டெஸ்ட் எடுப்பது. வெளியே நிலத்தடி நீர் உயரமாக இருப்பதால் மணல் அடியிலிருந்து பொங்கிக் குழாய்க்குள் ஏறும். எண்ணிக்கை பொய்யாகக் குறையும். குழாய்க்குள் தண்ணீர் எப்போதும் வெளிமட்டத்தைவிட உயரமாகவே நிற்க வேண்டும். மூன்றாவது, களி மாதிரி. பிளவுக்குழாயில் வருவது குழைந்த மண். களியின் பலத்தை அளக்க மெல்லிய குழாயில் அலுங்காமல் எடுத்து, இரு முனையிலும் மெழுகு ஊற்றி மூடி, நிழலில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். வெயிலில் வண்டியில் கிடந்த மாதிரியின் முடிவுக்கு அர்த்தமில்லை.

செலவுக்கு வழியே இல்லை என்றால், மூலைக்கு ஒரு குழியாக இரண்டு மீட்டர் தோண்டிப் பார்ப்பது ஒன்றும் பார்க்காததைவிட மேல். ஒன்றரை மீட்டருக்குக் கீழே முட்டுப் பலகை இல்லாமல் ஆளை இறக்காதீர்கள். ஈரக்களி சொல்லாமல் சரியும்.

கும்பகோணம் வாசகி: மே மாதம் சாயில் டெஸ்ட் எடுத்தோம். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் "தாங்குதிறன் 8 டன், நீர்மட்டம் 4.2 மீ." என்று இருக்கிறது. பொறியாளர் அந்த 8 டன்னை வைத்தே டிசைன் போட்டுவிட்டார். சரிதானே?

மே மாதத்தில் எடுத்தது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. மேட்டூரில் வழக்கமாக ஜனவரி 28-ல் தண்ணீர் நிறுத்துவார்கள், ஜூன் 12-ல் திறப்பார்கள். இடைப்பட்ட மாதங்களில் ஆறும் வாய்க்காலும் காய்ந்து, நிலத்தடி நீர் வருடத்திலேயே மிகத் தாழ்ந்து நிற்கும். நீங்கள் அளந்தது அதன் கடைசிக் கட்டத்தை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கொட்டி, வயலிலும் வாய்க்காலிலும் தண்ணீர் நிற்கும்போது அதே மனையில் மட்டம் தரைக்கு ஓரடி கீழே வந்துவிடலாம். சித்திரை மண்ணும் கார்த்திகை மண்ணும் வேறு வேறு. வீடு இரண்டின் மேலும் நிற்க வேண்டும்.

மணலில் இதன் விளைவைக் கணக்காகவே காட்டலாம். மண்ணின் எடையில்தான் பூட்டிங்குக்குப் பிடிமானம். தண்ணீரில் மூழ்கிய மணலின் எடை மிதப்பால் ஏறக்குறைய பாதியாகிறது. அதனால் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது கணக்கிட்ட தாங்குதிறன், தண்ணீர் தரைக்கு ஏறும்போது கிட்டத்தட்ட பாதியாகக் குறையலாம். களியில் அப்படிப் பாதியாகாது. ஆனால் கோடையில் காய்ந்து இறுகியிருந்த மேல்களி மழைக்காலத்தில் இளகும்.

இதைப் பூட்டிங் அளவில் பாருங்கள். தூணில் 30 டன் இறங்குகிறது என்றால், சதுர மீட்டருக்கு 8 டன் தாங்கும் மண்ணில் 3.75 சதுர மீட்டர், அதாவது பக்கத்துக்கு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அது 5 டன் ஆனால் 6 சதுர மீட்டர், பக்கத்துக்கு 2.45 மீட்டர். தூண்கள் மூன்று மீட்டர் இடைவெளியில் இருந்தால் பூட்டிங்குகள் ஒன்றையொன்று கிட்டத்தட்ட தொடுகிற நிலை. அப்போது தனிப் பூட்டிங்கை விட்டுவிட்டு, தூண் வரிசையை இணைக்கும் பட்டைக் கடைக்கால் அல்லது ராஃப்ட் (வீடு முழுவதுக்கும் ஒரே கான்கிரீட் அடித்தளம்) என்று யோசிக்க வேண்டும். வானம் (கடைக்கால் பள்ளம்) தோண்டிய பிறகு இந்த முடிவை மாற்றுவது கடினம்.

ஆகவே பொறியாளரிடம் இவற்றைக் கேளுங்கள். இந்த 8 டன் எந்த ஆழத்துக்கு, எந்த அகலத்துக்கு? எத்தனை மில்லிமீட்டர் இறக்கத்தை அனுமதித்து? மண் உடையாது என்பதால் வந்த எண்ணா, அதிகம் இறங்காது என்பதால் வந்த எண்ணா? இளகிய களியில் பெரும்பாலும் இறக்கமே கட்டுப்படுத்தும். கான்கிரீட் சட்டக் கட்டடத்தின் தனிப் பூட்டிங்குக்கு மணலில் 50 மி.மீ., இளகிய களியில் 75 மி.மீ. வரை ஐ.எஸ். 1904 அனுமதிக்கிறது. தூணுக்குத் தூண் வரும் வித்தியாசத்துக்கு அதைவிடக் கடுமையான வரம்பு. டிசைனில் நீர்மட்டம் எவ்வளவு எடுத்தீர்கள் என்றும் கேளுங்கள். "தரைமட்டத்தில்" என்ற பதில் வந்தால் மேலே போகலாம். "ரிப்போர்ட்டில் உள்ள 4.2" என்றால் திரும்பக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

அந்த 4.2-ஐயே எப்படி அளந்தார்கள் என்பதும் முக்கியம். போர் முடித்த கையோடு அளந்தால் அது போர்க்காரர்கள் ஊற்றிய தண்ணீர். மணலில் குறைந்தது 24 மணி நேரம் விட்டு அளக்க வேண்டும். களியில் ஊற்று மெதுவாகத்தான் கசியும், சில நாள் ஆகும். போர் துளையை மூடிவிடாமல், அடி ஒன்றரை மீட்டரில் கீறல் போட்ட பி.வி.சி. குழாயில் நைலான் வலை சுற்றி இறக்குங்கள். சுற்றிலும் பருமணல், மேலே அரை மீட்டர் களி அடைப்பு, தலைக்கு மூடி. எடை கட்டிய டேப்பை மாதம் ஒருமுறை இறக்கி எழுதி வையுங்கள். அது வரை காத்திருக்க முடியாதவர்கள் பக்கத்து உறைகிணற்றை எட்டிப் பார்க்கலாம். உறைகளில் பாசியும் கறையும் எந்த உயரத்தோடு நிற்கிறதோ, கார்த்திகையில் தண்ணீர் அதுவரை வந்து நின்றிருக்கிறது.

திருவாரூர் வாசகர்: நஞ்சை நிலத்தை மனையாக்கி, ஐந்தடி உயரத்துக்குச் சவுடு மண் கொட்டியிருக்கிறார்கள். ஒரு மழை பார்த்தாகிவிட்டது. கட்டத் தொடங்கலாமா?

ஐந்தடி என்பது ஒன்றரை மீட்டர். கன மீட்டருக்கு 1.8 டன் வைத்தால் சதுர மீட்டருக்கு 2.7 டன். சாதாரண வீட்டில் ஒரு தளத்தின் பாரத்தை முழுப் பரப்பில் பரப்பினால் ஒன்று, ஒன்றேகால் டன் வரும். அதாவது வீடு கட்டுமுன்பே உங்கள் வயல்களியின் மேல் இரண்டு மாடி வீட்டின் பாரம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. களி இறங்கத்தான் செய்யும். களிக்குள் இருக்கும் தண்ணீர் பிதுங்கி வெளியேறினால்தான் அது இறங்கும். களி வரி தடிமனாக இருந்தால் தண்ணீர் போகும் வழி நீளம். தடிமன் இரட்டித்தால் காலம் நான்கு மடங்கு. இரண்டு மீட்டர் களிக்கு ஒரு வருஷம் போதும் என்றால், அதே களி நான்கு மீட்டர் இருந்தால் நான்கு வருஷம். ஒரு மழை பார்த்ததால் கொட்டிய மண்ணுக்குள் இருக்கும் பொந்துகள் அடங்கும். அடியிலுள்ள களியின் இறக்கத்தைப் பற்றி அந்த மழை எதுவும் சொல்லாது.

அதை அளந்து பார்க்க எளிய வழி இருக்கிறது. கொட்டுவதற்கு முன்பே வயல் மட்டத்தில் இரண்டடிச் சதுரக் கான்கிரீட் பலகையைப் பதித்து, அதில் கம்பியை நட்டு மேலே வரை கொண்டுவந்திருந்தால் சிறப்பு. இப்போது நிரப்பிய மண்ணின் மேல் மட்டத்திலாவது இரண்டு மூன்று இடத்தில் பலகை வையுங்கள். தொலைவிலுள்ள பழைய மதகு, பாலச்சுவர், கோயில் படி என ஆடாத ஒன்றை அடையாளமாக வைத்து, மாதம் ஒருமுறை டியூப் லெவலில் ஒப்பிடுங்கள். தொடர்ந்து மூன்று நான்கு மாதம் வித்தியாசம் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றால்தான் அடங்கிவிட்டது என்று எண்ணலாம்.

கொட்டிய முறையும் முக்கியம். லாரியில் கொண்டுவந்து ஒரே மூச்சில் ஐந்தடி கொட்டி, ஜே.சி.பி. சக்கரத்தால் மேலே மட்டும் ஓட்டியிருந்தால் அடியில் தளர்வாகவே இருக்கும். 20 செ.மீ. வரியாகப் பரப்பி, சரியான ஈரத்தில் ரோலர் போட்டு, ஆய்வக அடர்த்தியில் 95 சதவீதம் வருகிறதா என்று வரிக்கு வரி பார்த்திருக்க வேண்டும். இப்போது சரிபார்க்க, குழி தோண்டி அரையடிக்கு ஒருமுறை கோர் கட்டர் (மண்ணை அப்படியே வெட்டியெடுக்கும் இரும்பு உருளை) அடித்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். 12 எம்.எம். கம்பியைக் கையால் அழுத்தினாலே ஓரடிக்கு மேல் இறங்கினால், டெஸ்ட் இல்லாமலே பதில் தெரிந்துவிட்டது.

பூட்டிங்கை இந்த நிரப்பிய மண்ணில் உட்காரவைக்க வேண்டாம். பழைய வயலின் உழவுப் படுகையையும் வேர்க்கால் கறுப்பையும் தாண்டி இயற்கை மண்ணுக்குள் இறங்குங்கள். பைல் (ஆழத்துக்கு இறக்கும் கான்கிரீட் தூண்) போட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைக்கவேண்டாம். சுற்றியுள்ள களி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் அது பைலைப் பிடித்துக் கீழே இழுக்கும். அந்த இழுவையையும் பாரமாகக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். உள்தரைக்கும் அப்படித்தான்: அறைகளுக்குள் நிரப்பிய மண் இறங்கினால், தூண்கள் அசையாமல் நிற்க டைல்ஸ் மட்டும் பள்ளமாகும்.

நீடாமங்கலம் வாசகர்: எட்டு வருஷ வீடு. ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல். பூசினால் மறுபடி வருகிறது. கோடையில் அதிகமாகவும் மழையில் குறைவாகவும் தெரிகிறது. மேலும், பக்கத்தில் தம்பி வீடு கட்டப்போகிறார், அதற்கு என்ன செய்யலாம்?

நோயின் பெயரை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கோடையில் விரிந்து மழையில் மூடும் விரிசல் வீங்கிச் சுருங்கும் களியின் அடையாளம். வேளாண் மண் வரைபடத்தில் களத்தூர், ஆதனூர் தொடர் என்று குறித்திருக்கும் கனத்த களி நிலங்களில் பங்குனி, சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு அடியில் வெயில் படாததால் நடுவில் ஈரம் நிற்கும். ஓரங்கள் காய்ந்து சுருங்கும். வீட்டின் முனைகள் கீழே தொங்கும்.

விரிசல் மேலே அகலமா, கீழே அகலமா என்று பாருங்கள். மேலே அகலமாக இருந்தால் முனை இறங்குகிறது. கீழே அகலமாக இருந்தால் நடுப்பகுதி இறங்குகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. விரிசலுக்கு இரு பக்கமும் இரண்டு ஆணி அடித்து, இடைவெளியை ஸ்டீல் ஸ்கேலில் அளந்து தேதியோடு எழுதுங்கள். ஒரு முழு வருஷம் பாருங்கள். போய் வருகிற விரிசல் என்றால் ஈரத்தைச் சமப்படுத்தினால் போதும். ஒரே திசையில் பெருகிக்கொண்டே போகிறது என்றால் இறக்கம், கடைக்காலுக்கே வைத்தியம் வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்காலுக்கடியில் கான்கிரீட் கொடுப்பது பணத்தை மண்ணில் போடுவது.

ஈரத்தைச் சமப்படுத்த, வீட்டைச் சுற்றி குறைந்தது ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு வெளிச்சாய்வாகத் தளம் போடுங்கள், மீட்டருக்கு மூன்று செ.மீ. சாய்வு. சுவரை ஒட்டி இடைவெளி விடக்கூடாது. கூரைத் தண்ணீர் சுவரோரம் விழாமல் குழாயில் வெளியே போகட்டும். கழிவுநீர்க் குழாய் இணைப்புகளைச் சோதியுங்கள். ஒரே மூலையில் மட்டும் கசியும் குழாய் அந்த மூலையை வீங்கவைக்கும். வேம்பு, மூங்கில், அரச மரம் வீட்டுக்கு அருகில் வேண்டாம். மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தள்ளி நிற்பது நல்லது.

தம்பியின் மனைக்கு முதலில் வீங்குதிறன் சோதனை. 425 மைக்ரான் சல்லடையில் சலித்த உலர்ந்த மண் பத்து கிராமைத் தண்ணீர் உள்ள அளவுக்குழாயிலும், இன்னொரு பத்து கிராமை மண்ணெண்ணெய் உள்ள குழாயிலும் போட்டு, ஒரு நாள் விடுவார்கள். மண்ணெண்ணெயில் மண் வீங்காது. அங்கே 10 மி.லி., தண்ணீரில் 16 மி.லி. என்றால் வீக்கம் 60 சதவீதம். 50-ஐத் தாண்டினால் மேலோட்டமான சாதாரணக் கடைக்காலை மறந்துவிடுங்கள்.

அப்படிப்பட்ட களிக்கு அண்டர்-ரீம் பைல் நல்ல தீர்வு. 30 செ.மீ. தண்டு, அடியில் அதைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது 75 செ.மீ. குமிழ். வீக்கமும் சுருக்கமும் எட்டாத ஆழத்தில் குமிழ் உட்கார வேண்டும் என்பதால் நீளம் குறைந்தது மூன்றரை மீட்டர். பைலுக்குப் பைல் குமிழ் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு, 1.5 மீட்டர் இடைவெளி. மேலே ஓடும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே 80 மி.மீ. வெற்றிடம் விட வேண்டும். இந்த வெற்றிடத்தைத்தான் அதிகம் மறக்கிறார்கள். மண்ணின் மேலேயே பீமை ஊற்றிவிட்டால், மண் வீங்கும்போது பீமைத் தூக்கி, பைலைப் போட்டதையே வீணாக்கும்.

குமிழ் வெட்டினார்களா என்பதைக் கான்கிரீட் கணக்கே காட்டிக்கொடுக்கும். மூன்றரை மீட்டர் தண்டுக்கு மட்டும் கால் கன மீட்டர் போதும். குமிழ் சரியாக விழுந்திருந்தால் 0.3-ஐத் தாண்டும். ஒவ்வொரு குழிக்கும் எழுதி வையுங்கள். குமிழ் மட்டத்தில் மணலும் தண்ணீரும் வந்தால் அது நிற்காமல் சரியும், அங்கே நேர்ப் பைல்தான் சரி. போர் ரிப்போர்ட் முன்பே கையில் இருந்தால் இது ரிக் (துளையிடும் இயந்திரம்) வந்து நின்ற பிறகு தெரியவேண்டிய விஷயமாகாது.

இன்னொரு வேண்டுகோள். இந்தக் களியில் பூட்டிங்குக்கு அடியிலும் பக்கத்திலும் தடிமனாக மணல் போடும் வழக்கம் உண்டு. மணல் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் தொட்டிபோல் ஆகி, களியை நனைத்து வீங்கவைக்கும். வீங்காத, களிப்புத்தன்மை உள்ள கிராவலை இறுக்கிப் போடுவது நல்லது.

சீர்காழி வாசகர்: கட்டி முடித்த சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) மழைக்காலத்தில் காலியாக இருந்தபோது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. கான்கிரீட் தொட்டி மிதக்குமா?

மிதக்கும். உங்கள் ஊரில் 2022 நவம்பரில் ஒரே நாளில் 44 செ.மீ. பெய்தது. அப்படிப்பட்ட நாளில் நிலத்தடி நீர் தரைமட்டம்தான் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும்.

வெளியளவு 3 மீட்டர் நீளம், 2.4 அகலம், 2.4 ஆழம் உள்ள சம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது விலக்கும் தண்ணீர் 17.28 கன மீட்டர். மேல்நோக்கித் தள்ளும் விசை அவ்வளவே டன். அடித்தளம் 20 செ.மீ., சுவர் 15, மேல்தளம் 15 என்றால் கான்கிரீட் சுமார் 5.66 கன மீட்டர், எடை 14 டன். மூன்று டன் பற்றாக்குறை. செங்கல் சுவர் என்றால் பொதுவாக இன்னும் மோசம், ஒரே தடிமனில் செங்கல் கான்கிரீட்டைவிட இலேசு.

தீர்வு எளிது. அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே நான்கு பக்கமும் 30 செ.மீ. நீட்டுங்கள். அந்த விளிம்பின் மேல் உட்காரும் மண், மூழ்கிய எடையாகப் பார்த்தாலும் ஆறு டன்னுக்கு மேல் தரும். விளிம்புக் கான்கிரீட்டையும் சேர்த்தால் தாங்குவது 21 டன்னைத் தாண்டும். தூக்கும் விசையைப்போல் 1.2 மடங்குக்கு மேல் வந்துவிட்டது. கட்டும்போது மேல்தளம் போட்டு, சுற்றிலும் மண் நிரப்பி இறுக்கும்வரை தொட்டிக்குள் தண்ணீர் நிற்கட்டும். பிறகும் ஐப்பசி, கார்த்திகையில் சுத்தம் செய்கிறேன் என்று முழுதாகக் காலி செய்யாதீர்கள். செப்டிக் டேங்குக்கும் இதே கணக்குதான்.

தோண்டும்போதே வரும் ஓர் ஆபத்தும் இதோடு சேர்ந்தது. மேலே களி, நான்கு மீட்டரில் மணல், அந்த மணலில் உள்ள தண்ணீர் குழாய் இறக்கினால் தரைக்கு அரை மீட்டர் கீழ்வரை ஏறி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணலின் தலையில் மேல்நோக்கிய அழுத்தம் சதுர மீட்டருக்கு 3.5 டன். இரண்டு மீட்டர் தோண்டினால் மீதிக் களி இரண்டு மீட்டர், எடை 3.6 டன், நூலிழையில் தாங்கும். இரண்டரை மீட்டர் போனால் மீதி 2.7 டன்தான். குழியின் அடி உப்பி வெடித்து, மணலும் தண்ணீரும் பீறிட்டு வரும். பம்ப் போட்டு இறைத்தால் மணலும் சேர்ந்து வெளியேறி, பக்கத்து வீட்டுக் கடைக்கால் கீழ் பொந்து விழும். சம்ப்பை ஆழம் குறைத்து அகலமாக்குங்கள், அல்லது கோடையில் நீர் தாழ்ந்திருக்கும்போது தோண்டுங்கள்.

வேதாரண்யம் வாசகி: எங்கள் போர் தண்ணீர் உப்பு. கான்கிரீட் கலக்க, கியூரிங்குக்குப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் போகக்கூடாது என்கிறது ஐ.எஸ். 456. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2000. கியூரிங் தண்ணீரும் மேல்தோல் வழியாக உள்ளே போகும், அதற்கும் இதே கவனம் வேண்டும்.

உங்கள் பகுதி மணல்மேடுகளில் மழைநீர், உப்புநீரின் மேல் மெல்லிய போர்வைபோல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே நாற்பதடி வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி இறைத்துவிட்டால் அடியிலிருந்து உப்பு நாற்பதடி ஏறிவிடும். ஆகவே ஆழப் போர் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்பது இங்கே பலிக்காது. ஆழமில்லாத உறைகிணற்றிலிருந்து மெதுவாக இறையுங்கள்.

மண்ணிலும் நிலத்தடி நீரிலும் குளோரைடு, சல்பேட் இரண்டையும் சாயில் டெஸ்ட்டோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதிகமாக இருந்தால் கடைக்காலுக்கு எம்-35 தரக் கான்கிரீட், பூட்டிங் கம்பிக்கு 50 மி.மீ.க்குக் குறையாத கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் தடிமன்), பி.பி.சி. (பெரும்பாலும் சாம்பல் கலந்த சிமெண்ட்) அல்லது இரும்பாலைக் கசடு கலந்த சிமெண்ட். சல்பேட் தாங்கும் சிமெண்ட் கேட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வார். குளோரைடும் சேர்ந்திருக்கும் இடத்தில் அந்தச் சிமெண்ட் கம்பியைக் காப்பதில் பின்தங்கும். கவருக்கு ஜல்லித் துண்டை முட்டுக்கொடுக்கவே வேண்டாம். ஜல்லியை ஒட்டியபடி உப்புத்தண்ணீர் நேராகக் கம்பிக்குப் போகும், அதனால் அதே கான்கிரீட்டில் வார்த்த கவர் பிளாக் மட்டும் வையுங்கள்.